வயிற்றுநோய் வார்டும் செவிலியர் பணியும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி கேட்டபோது, 35 ஆண்டுகள் ஊசியும் மருந்தும் பிடித்த கைக்குப் பேனா பிடிக்க வருமா என்று தயங்கினேன். ஆலய வரலாற்றை எழுத நம் பங்கில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வார்டு ஒன்றுதான். ஆகவே அதன் வரலாற்றையே எழுத முற்படுகிறேன்.

1974-ஆம் ஆண்டு பயிற்சி முடித்து வெளியூரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். குழந்தைகள் வார்டு கிடைக்கும் என்று ஆசையோடு போனவளை, வயிறு, குடல் நோயாளிகளின் வார்டில் போட்டார்கள். "கண்டவர் மலத்தை அள்ளவா பெண்ணைப் படிக்க வைத்தீர்?" என்று உறவினர் என் தந்தையிடம் ஏற்கெனவே கேட்டிருந்தனர். முதல் நாள் பெட்பேனைக் கையில் வாங்கியபோது அந்தச் சொல்தான் காதில் ஒலித்தது.

முதல் வாரத்திலேயே ஒரு பிழை செய்தேன். போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மாதக்கணக்கில் பேதியால் வாடி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்திருந்தார். மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், அவர் கழிக்கும் மலம் முழுவதையும் மூடி போட்ட டின்னில் சேர்த்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில், அசதியில், ஒருவேளை மலத்தைக் கொட்டிவிடும்படி ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒருவேளை விட்டுப்போனாலும் கணக்கு முழுவதும் வீண். வார்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "நீயே போய் அவரிடம் சொல்" என்றார், அவ்வளவுதான். போய்ச் சொன்னேன். "மறுபடியும் மொதல்லேர்ந்தா, நர்ஸம்மா? அறுப்பு நேரமாச்சே" என்றார் அந்தப் பெரியவர்.

அந்த டின்னுக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1960 முதல் 1962 வரை அன்றைய வடஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒருவகைப் பேதி கொள்ளைநோயாகப் பரவியது. நம் திருவண்ணாமலையும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1989-இல். காலராவைப் போல ஒரே நாளில் ஆளைக் கொல்லும் நோயன்று அது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடலை உருக்கும். நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றும், உண்ட உணவு உடம்பில் ஒட்டாது. அதற்கு 'ஸ்ப்ரூ' என்று பெயர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார்கள்.

குடலின் உட்சுவர் பழுதுபட்டால், உண்ட கொழுப்பு உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அளந்தால்தான் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்ல முடியும். இன்ன கிருமிதான் காரணம் என்று இறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், ஃபோலிக் அமிலம், பி-12, டெட்ராசைக்ளின் ஆகியவற்றால் பலர் தேறினார்கள். மருத்துவர் எழுதும் சீட்டுக்குப் பின்னால், இரவு பகலாகச் சேர்த்து அளந்த ஒரு நர்ஸின் கணக்கு இருந்தது.

காலராவிலும் இதே கதைதான். தீபத்துக்கு வரும் கூட்டத்தோடு வாந்திபேதியும் வந்துவிடுமோ என்று நம் ஊர் அஞ்சிய காலத்தையும், கூட்டத்தில் காலரா ஊசி போட்டவர்களையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட நீர் போய்விடும். ஆகவே காலரா வார்டுகளில் நடுவே துளையிட்ட கான்வாஸ் கட்டிலைப் போட்டு, கீழே வாளி வைத்தார்கள். வாளியில் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவு நீரை நோயாளிக்குத் திரும்பத் தரவேண்டும். வாளியைக் குனிந்து பார்த்து எழுதுவது நர்ஸின் வேலை.

1971-இல் கிழக்கு வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, அதை வாயாலேயே புகட்டச் செய்தார். புகட்டியவர்களில் பலர் நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது. நான் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பது இதைத்தான். இதற்கு வேண்டியதெல்லாம் டம்ளரும் கரண்டியும் பொறுமையும்.

இப்பணிக்கு நம் நாட்டில் பெண்களைப் பழக்கிய வரலாறும் நீண்டது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கும் டில்லியிலும் 1946-இல் பட்டப்படிப்பே வந்தது. நம் திருச்சபையிலோ, துறவறச் சகோதரிகள் பேறுகால மருத்துவம் செய்வதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1936 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னை திருநாளன்று, ரோமிலிருந்து வந்த அறிவுரைதான் அதை நீக்கியது. பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். குண்டூரில் மருத்துவராக இருந்த சகோதரி மேரி குளோரி 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினார். அதன் பிறகு நம் குடும்பங்கள் பெண்களை இப்படிப்புக்கு அனுப்பத் தயங்கியது ஓரளவு குறைந்தது. உறவினர் வாய் மட்டும் அடங்கவில்லை. என் தங்கை மகள் சென்ற ஆண்டு இதே போன்ற வார்டில் சேர்ந்தபோதும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு.

அந்தப் போளூர்ப் பெரியவருக்கு மறுபடியும் மூன்று நாள் எண்ணத் தொடங்கினோம். என் ஓய்வு நேரத்திலும் வந்து வந்து பார்த்தேன். அவரே பிறகு, "நர்ஸம்மா, எழுதிக்கிட்டியா?" என்று கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் டின்னை ஆயாம்மாவிடம் கொடுக்க மனம் வராமல், நானே பரிசோதனைக்கூடத்துக்குச் சுமந்துபோய், கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.