சிந்தித்தபின் சொல்லும் சொல்

இல்லாத சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால் மக்கள் என்ன சொல்வர்? அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆய்வாளர் சிலர் கேட்டே பார்த்தனர். ‘1975-ஆம் ஆண்டுப் பொதுவிவகாரச் சட்டம்’ என ஒன்றைப் புனைந்து, அதை நீக்கலாமா என வினவினர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தயங்காமல் விடை கூறினர்! 1980-இல் இது வெளியாயிற்று. நகைப்பதற்கில்லை, நாமும் அப்படித்தான்.

கேட்டதும் வாயில் வருவது கருத்தாகுமா? யேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பயின்ற அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கினின் நெடுநாள் ஆய்வு இவ்வினாவைச் சுற்றியதே. 1988-இல் அவர் முன்வைத்த வழி எளியது. குலுக்கல்போலத் தேர்ந்த சில நூறு பேரிடம் முதலில் கருத்துக் கேட்பது; இருதரப்பு வாதங்களையும் நடுநிலையாகத் தொகுத்துக் கொடுப்பது; ஓரிடத்தில் கூட்டிச் சிறு குழுக்களாகப் பேசவிட்டு, வல்லுநரை வினவச் செய்வது; பின் அதே கேள்விகளை மீண்டும் கேட்பது. சீட்டுக் குலுக்கி ஐந்நூற்றுவர் அவை அமைத்த பண்டைய ஏதென்சின் சாயல் இதில் உண்டு.

1994-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், குற்றத்தடுப்பு பற்றிப் பேச ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினர். மேலும் பலரைச் சிறையிலடைப்பதே வழி என்று நம்பி வந்தோரில் ஒரு பகுதியினர், திரும்புகையில் அந்த உறுதியை இழந்திருந்தனர். ஆனால் அங்கு வராத கோடிக்கணக்கானோர்? வாக்கு அவர்களுடையதன்றோ! இக்குறையை இம்முறை இன்னும் கடக்கவில்லை என்பதே என் எண்ணம்.

மங்கோலியா ஒரு வழி கண்டது. அரசியலமைப்பைத் திருத்துமுன் இத்தகைய கலந்தாய்வு கட்டாயம் என அந்நாடு 2017-இல் சட்டமே இயற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் 669 குடிமக்கள் உலான்பாத்தரின் அரசு மாளிகையிலேயே அமர்ந்து விவாதித்தனர். நாடாளுமன்றத்துக்கு இரண்டாம் அவை வேண்டும் என்ற யோசனை பேசப்பேச ஆதரவை இழந்தது. 2019-இல் நிறைவேறிய திருத்தத்தில் அவ்வவை இடம்பெறவில்லை.