விழும் கட்டைகளின் போட்டி வரலாறு



தொண்ணூறுகளில் செஞ்சிக் கடைவீதியில் வாங்கிய ‘பிரிக் கேம்’ பலர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். அதன் மூலம் டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதெமியின் கணினி மையத்தில் பணிபுரிந்த அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள், அவ்வளவுதான்.

1989-இல் நிண்டெண்டோவின் கேம்பாய் வந்தபோது, இரண்டு கருவிகளை ஒயரால் இணைத்து இருவர் மோதலாம் என்றானது. இங்கேதான் கணக்கு மாறியது. ஒரு வரிசையை அழித்தால் எதிராளிக்கு ஒன்றும் போகாது. ஒரே நேரத்தில் இரண்டு அழித்தால் ஒரு வரிசை, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு என்று அவர் திரையின் அடியிலிருந்து ஏறும். அதே நான்கை இரண்டிரண்டாக அழித்தால் இரண்டுதான் போகும். (பி.காம். படித்த எனக்கு இதைச் சொல்லித்தரப் பேரன் வரவேண்டியிருந்தது.)

ஆகவே தேர்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, நீளக் கட்டைக்குக் காத்திருப்பார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை நம் கோட்டையைச் சுற்றிக் காத்திருந்ததைப் போல. ஆனால் காத்திருப்பவர் மீதும் வரிசைகள் ஏறும். அடுக்கு பாதித் திரையைத் தாண்டினால், கிடைத்த இரண்டையோ மூன்றையோ அழித்துப் பிழைப்பதே சரி.

2019-இல் வந்த ‘டெட்ரிஸ் 99’-இல் 99 பேர் மோதுகிறார்கள். அதில் நாம் அழிப்பது, நமக்கு வரவிருப்பதில் முதலில் கழியும். பற்று வரவு மாதிரி.

கோடை விடுமுறையில் பேரனிடம் பதினோரு ஆட்டம் தோற்றேன். பன்னிரண்டாவதில் ஜெயித்தேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.