இல்லத்து ஏடும் அதனைத் திறக்கும் சாளரமும்

கிளிநொச்சி நகரை அடுத்துள்ள உருத்திரபுரம், உருத்திரபுரீஸ்வரர் ஆலயத்தாலும் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களாலும் பெயர் பெற்ற ஊர். 1902 ஆம் ஆண்டிலே தொடங்கி 1920 இல் நிறைவேறிய அக்குளம் நிரம்பித் ததும்பினாலும், மதகு திறந்து வாய்க்கால் வழியே நீர் வந்தாலன்றி வயலுக்குப் பயனில்லை என்பதை அவ்வூர் உழவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கணினி உலகிலும் இதனையொத்த ஒரு செய்தி உண்டு. படிக்க வேண்டிய ஏடு ஒருவருடைய கணினியின் வட்டிலேயே இருக்கும். ஆயினும் அதனைத் திறந்து காட்டும் சாளரம் எது, அச்சாளரத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா எழும். சிறிதாகத் தோன்றும் இவ்வினா அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது.

வன்னிப் பெருநிலத்திலே 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் பொது மின்வழங்கலும் தொலைபேசித் தொடர்பும் அறுந்து கிடந்தன. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் போரில் மக்கள் ஊரையும் உடைமையையும் விட்டு இடம்பெயர்ந்து, பின்னரே மீளக் குடியேறினர். அத்தகைய நிலத்திலே தொடர்புக் கம்பியின் துணையின்றிப் படிக்கத்தக்க ஏட்டின் அருமை தனியானது. 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னேடுகளாக்கி எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு வைத்தது. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவ்வாறே காத்து வருகின்றது. ஒருமுறை இறக்கி, இறுவட்டிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொண்டால், அவற்றைப் படிக்க இணையம் மீண்டும் வேண்டியதில்லை.

இணையப் பக்கம் என்னும் வடிவம் 1990 அளவில் ஜெனீவாவை அடுத்த சேர்ண் ஆய்வுகூடத்திலே ரிம் பேணர்ஸ் லீ என்பவரால் வகுக்கப்பட்டது. தொலைவிலுள்ள பக்கத்துக்கும் சொந்த வட்டிலுள்ள பக்கத்துக்கும் வடிவம் ஒன்றே, முகவரி மாத்திரமே வேறு. 1994 டிசம்பரில் வெளியான முகவரி விதிகளிலே, சொந்த வட்டின் கோப்புக்கு ‘ஃபைல்’ என்னும் சொல் முதலில் வரும்; அதன்பின் முக்காற்புள்ளி; அதன்பின் இரு சாய்கோடுகள். அடுத்துக் கணினியின் பெயர் வரவேண்டும். தன் கணினியே ஆதலின் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாய் விடப்படும். உடனே பாதையின் சாய்கோடு வந்துவிடுவதால், மூன்று சாய்கோடுகள் ஒன்றாய் நிற்கக் காண்கிறோம்.

மென்பொருள் ஒன்று தன் உதவி ஏட்டையோ அறிக்கையையோ இத்தகைய பக்கமாய்த் திறக்க விரும்பினால் அதற்கு இரு வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஓர் உலாவியைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அல்லது, “உரியவர் வழக்கமாகப் பயன்படுத்தும் உலாவி எதுவோ அதனிடம் இதனைக் கொடு” என்று இயங்குதளத்திடம் ஒப்படைக்கலாம். பின்னது விருந்தினனுக்குரிய பண்பு. 2006 ஆம் ஆண்டில் ஜாவா மொழியின் ஆறாம் பதிப்பிலும், லினக்ஸ் உலகின் பொதுக் கருவிகளிலும் இதற்கென்றே ஆணைகள் வந்தன.

முன்னைய வழியோ வழக்கிற்கு இட்டுச் சென்றது. 1998 மே மாதத்திலே அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கிலே பல குற்றச்சாட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நெட்ஸ்கேப் நாவிகேட்டரையே தம் இயல்பு உலாவியாகத் தெரிந்தெடுத்தவருக்கும் வின்டோஸ் 98 சில வேளைகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே திறந்தது என்பதாகும். நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் இதனைக் குற்றமெனக் கொண்டார். மேன்முறையீட்டு நீதிமன்றமோ 2001 ஜூன் 28 இல் அளித்த தீர்ப்பிலே வேறு பல குற்றங்களை நிலைநிறுத்தியபோதும், இதிலிருந்து நிறுவனத்தை விடுவித்தது. வின்டோஸின் உதவி ஏடு சில தனிக்கூறுகளைச் சார்ந்தது, அவற்றை நாவிகேட்டர் அறியாது என நிறுவனம் கூறிய தொழில்நுட்பக் காரணத்தை எதிர்த்தரப்பு மறுத்து நிறுவவில்லை. சட்டத்தின்படி அத்தீர்ப்புப் பொருத்தமே. ஆயினும் உதவி ஏட்டை அவ்வாறு கட்டியதும் அதே நிறுவனந்தானே!

உலாவியைத் தெரிந்தெடுக்கும் உரிமை கிடைத்த பின்னும் தமிழ் வாசகருக்கு வேறு தொல்லைகள் காத்திருந்தன. இணையத்தில் ஒரு பக்கத்தை அனுப்பும் வழங்கி, அது எக்குறியீட்டில் எழுதப்பட்டது என்பதையும் முன்கூட்டி அறிவிக்கலாம். சொந்த வட்டிலோ அறிவிக்க எவரும் இல்லை. பக்கமே தன் தலைப்பகுதியில் அதனைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாவிடில் உலாவி ஊகிக்கும். ஊகம் தவறினால் சங்கப் பாடல் இலத்தீன் எழுத்துகளின் குப்பையாய்க் காட்சி தரும். திஸ்கி முதலிய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்குத் தமிழ் மாறிய காலத்திலே இவ்வல்லலை அனுபவியாத வாசகர் அரியர். கோப்பின் பெயரும் தமிழாயின் முகவரி நீளும். ‘நூலகம்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஆறு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகள். ஒவ்வொரு பைற்றும் முகவரியில் மூன்று எழுத்துகளாய் விரியும். ஆக, நான்கெழுத்துச் சொல் 54 எழுத்துகளாகிவிடும். இவ்விரிவைச் சரியாகச் செய்யாத மென்பொருள், கண்முன் இருக்கும் கோப்பையே காணவில்லை என்று கைவிரிக்கும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. முகவரியின் இறுதியில் ஓர் அடையாளமிட்டு ஏழாம் அதிகாரத்தைச் சுட்டினாலும், வின்டோஸ் அக்கோப்பை உலாவியிடம் ஒப்படைக்கும்போது அவ்வடையாளத்தை உதிர்த்துவிடுவதுண்டு. வாசகர் கேட்டது ஏழாம் அதிகாரம், திறப்பதோ முகப்பு. இதற்காக மென்பொருள் செய்வோர், உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவதையே தொழிலாகக் கொண்ட சிறு பக்கமொன்றை எழுதி, அதனை முதலில் திறக்கும் உபாயத்தைக் கையாண்டனர்.

பாதுகாப்பும் இடையிலே புகுந்தது. சொந்த வட்டிலுள்ள பக்கம் நம்பத்தக்கது என்றே முதலில் கொள்ளப்பட்டது. தீய பக்கங்கள் அந்நம்பிக்கையைப் பயன்படுத்தவே, 2004 ஆகஸ்டில் வந்த வின்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு அத்தகைய பக்கங்களின் இயங்கு பகுதிகளைத் தடுத்து, மேலே மஞ்சள் பட்டையொன்றில் எச்சரிக்கை காட்டியது. தேடும் வசதியோடு இறுவட்டிலே வந்த நூற்றொகுதிகள் பலவும் இத்தடையில் அகப்பட்டன. 2019 இல் பயர்பொக்ஸ் உலாவியும், ஒரே கோப்புறையில் உள்ள கோப்புகளாயினும் ஒன்றையொன்று படிக்கலாகாது என விதித்தது.

தெரிந்தெடுக்கும் உரிமை பற்றிய வழக்கும் முற்றாய் ஓயவில்லை. ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த வாக்கின்படி உலாவிகளைத் தெரிந்தெடுக்கும் திரையைக் காட்டத் தவறியமைக்காக, 2013 மார்ச்சில் மைக்ரோசொப்ட்டுக்கு 561 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. 2021 இல் வெளியான வின்டோஸ் 11 இலே, இணைய முகவரிக்கு ஓர் இடத்திலும் சொந்த வட்டின் பக்கத்துக்கு இன்னோர் இடத்திலுமாக இயல்பு உலாவியைத் தனித்தனியே குறிக்க வேண்டியிருந்தது. முறைப்பாடுகள் பெருகவே, 2022 மார்ச்சில் ஒரே பொத்தானால் இவற்றை மாற்றும் வசதி வந்தது.

இத்தொல்லைகளுட் சிலவற்றைக் கடக்க வேறொரு வழி பரவியுள்ளது. மென்பொருளே சொந்தக் கணினிக்குள் சிறு வழங்கியொன்றை இயக்கி, 127.0.0.1 என்னும் உள்முகவரியை உலாவியிடம் தருகிறது. உலாவியும் அதனை இணையப் பக்கம் போலவே ஏற்கிறது. 2007 இல் தொடங்கிய கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாக்கி இவ்வழியிலும் வழங்கவல்லது. தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வாறு கிடைக்கின்றது. வகுப்பறையில் ஒரு கணினியும் கம்பியில்லாத் தொடர்புப் பெட்டி ஒன்றும் இருந்தால், இணையமின்றியே மாணவர் தத்தம் கைத்தொலைபேசியிலும் அதனைப் படிக்கலாம். ஒவ்வொரு தொலைபேசியிலும் அது திறப்பது அவரவர் தெரிந்தெடுத்த உலாவியிலேயே.