மாந்தீவின் தாதியர்

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலையொட்டிக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கீழ்ப்புறத்தை எழுவான்கரையென்றும் மேற்புறத்தைப் படுவான்கரையென்றும் ஜனங்கள் வழங்கும்படி அப்பிரதேசத்தை இரண்டாக வகுத்து, இடையிடையே சில சிறு தீவுகளையும் கொண்டிருக்கிறது. அவற்றுள் புளியந்தீவு கோட்டையும் கச்சேரியும் கல்லூரிகளும் பெற்று நகரமாயிற்று. மாந்தீவோ குஷ்டரோக வைத்தியசாலையைப் பெற்று, நகரத்தார் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயராயிற்று. வாவியின் பாடும் மீனைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதே வாவியின் நடுவே பிறர் புண்ணைக் கழுவிக் காலங்கழித்த தாதியரைப் பற்றி எழுத முன்வந்தவர் மிகச் சிலரே.

குஷ்டரோகத்துக்கென்று தனி இல்லம் அமைக்கும் வழக்கம் இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் அவர்கள் கட்டிய இல்லம் 1708ஆம் ஆண்டு தொடங்கியது. நோர்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873இல் நோயின் காரணம் ஒரு கிருமியே என்று கண்டு சொன்ன பின், உலகெங்கும் அரசாங்கங்களைப் பிடித்துக்கொண்ட அச்சம் இலங்கையையும் விடவில்லை. 1901ஆம் ஆண்டின் குஷ்டரோகிகள் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. அச்சட்டத்தின் நிழலிலே, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், மாந்தீவு இல்லம் எழுந்தது. தோணியின்றிப் போக்குவரத்தில்லாத இடமாகையால், மதில் எழுப்பும் செலவை வாவி மிச்சப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். நோயற்றவரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட சட்டம் நோயாளரைக் கரையில் இறக்கிவிட்டதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. எஞ்சிய வேலை முழுவதும் தாதியர் தலையில் விழுந்தது.

அக்காலத்துச் சிகிச்சையாவது, நம் சித்த வைத்தியரும் அறிந்திருந்த நீரடிமுத்தின் இனத்து விதைகளிலிருந்து எடுக்கும் எண்ணெயே. தடித்த அவ்வெண்ணெயைத் தசையில் ஊசியால் ஏற்றுவது ஏற்றுபவருக்கும் சிரமம், ஏற்றிக்கொள்பவருக்கும் வேதனை; ஊசி ஏற்றிய இடம் வீங்கிக் கட்டியாவதும் உண்டு. பலனோ நிச்சயமற்றது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் என்னும் ஊரில் சல்போன் வகை மருந்தொன்று முதன்முறையாகப் பயன் தந்ததும், சில ஆண்டுகளில் டாப்சோன் மாத்திரை மலிவாகக் கிடைத்ததும், இந்நோயின் சரித்திரத்தை இரு கூறாக்கிய சம்பவங்கள். வைத்திய நூல்கள் இவ்விடத்தில் வெற்றி முரசு கொட்டி அத்தியாயத்தை முடித்துவிடும். தாதியரின் சரித்திரத்திலோ இவ்விடத்தில்தான் கடினமான பகுதி ஆரம்பமாகிறது.

ஏனெனில், மருந்தினால் குணமாகி வீடு திரும்பியோர் யாவர்? இளையோர், நோய் முற்றாதோர், வாசலில் காத்திருக்கும் சுற்றத்தை உடையோர். திரும்பாது தங்கியோர் யாவர்? கை மடங்கியோர், பார்வை குன்றியோர், பாதத்தில் ஆறாப்புண் உடையோர், கரையில் யாரும் வேண்டாதோர். ஆகவே நோயாளர் தொகை குறையக் குறைய, எஞ்சியவர்களுடைய நோய் கனத்துக்கொண்டே வந்தது. முன்பு தம் சோற்றைத் தாமே சமைத்து, அயலிலுள்ளவன் புண்ணுக்கும் துணி சுற்றிவிட்ட திடகாத்திரர் போய்விட, அவர்கள் செய்துவந்த உதவியும் தாதியின் வேலையோடு சேர்ந்தது. ஆட்களை எண்ணித் தாதியரை நியமிக்கும் காரியாலயத்துக்குத் தலை குறைந்தால் வேலையும் குறைந்தது. அந்தக் கணக்கு அன்றும் பிழை, இன்றும் பிழை. நாட்பட்ட நோயாளரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் எத்தேசத்திலிருந்தாலும் இப்பிழையை அங்கே காணலாம்.

வேலை எத்தகையதென்று சற்று அருகே சென்று பார்ப்போம். இந்நோய் நரம்பைத் தின்று உணர்ச்சியைப் போக்குகிறது; வியர்வை சுரப்பது நின்று பாதத்தோல் வறண்டு வெடிக்கிறது; வெடிப்பிலே முள்ளோ கல்லோ ஏறினால் நோவு தெரியாமையால் நோயாளி அதன்மேலேயே நடக்கிறார். காலையில் தாதி நோயாளியின் பாதத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் ஊற வைத்து, காய்த்துத் தடித்த தோலைச் சுரண்டி நீக்கி, ஈரம் உலருமுன் எண்ணெய் பூசி, புண்ணுக்கு மருந்துச் சீலை வைத்துக் கட்டுகிறாள். இமை மூடாத கண்ணை இரவில் தூசு படாதபடி மறைக்கிறாள். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கி உள்ளங்கை வெந்தும் அறியாதவர், மிஸ்ஸி என்று தாம் அழைக்கும் தாதி சத்தமிட்ட பிறகே தம் கையைத் திருப்பிப் பார்க்கிறார். இவை ஒரு நாளைய வேலையல்ல. நாடோறும், ஆண்டாண்டாக, அதே பாதத்துக்குச் செய்ய வேண்டியவை. ஆறிய புண் மூன்று வாரத்தில் மறுபடி திறந்துகொள்ளும்போது தாதிக்கு உண்டாகும் சோர்வுக்கு மருந்துப் பட்டியலில் ஒன்றுமில்லை.

விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை, உணர்ச்சியற்ற கைக்கு நேரும் காயங்களாலேயே குறைகின்றன என்பதை வேலூரில் பால் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர் எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களை 1940களின் இறுதியிலிருந்து தசைநாரை மாற்றித் தைத்து நிமிர்த்தியவர் அவர். இரவோடிரவாக விரல் நுனி காணாமற் போகும் விந்தைக்குக் காரணம் தூக்கத்தில் கடிக்கும் எலியே என்று அறிந்து, நோயாளருக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். மகா வைத்தியர்களுடைய புகழில் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனினும் நிமிர்த்திய விரலை மறுபடி மடங்காமற் காத்தது மாதக்கணக்கான பயிற்சியே. அதை நோயாளியின் பக்கத்திலிருந்து செய்வித்தோரின் பெயர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

டாப்சோனை எதிர்த்து நிற்கும் கிருமிகள் 1964இல் நிரூபணமாயின. 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை விதித்தது. இலங்கை அதை 1983இல் கைக்கொண்டது. அம்மூன்றில் குளோபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்குவதால், நோயை மறைத்து வாழ்ந்தவர்கள் அதை விழுங்க மறுத்தார்கள். மேலும், சிகிச்சை நடக்கும்போதே சிலருக்குக் காய்ச்சலும் நரம்பு வேதனையும் புதிதாகக் கிளம்பும். அச்சமயம் கவனியாது விட்டால் கை செயலற்றுப்போகக்கூடும். நம்பிக்கையிழந்து மருந்தை வீசுபவரை இருத்தி விளக்குவதும் தாதியின் கடமையாயிற்று.

அதே 1983இல் மூண்ட யுத்தம் கிழக்கில் 2007 வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் நீண்ட காலம் எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் படுவான்கரை விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன, நடுவே வாவி. கரையிலிருந்து பஞ்சும் எண்ணெயும் வர வேண்டிய தீவுக்கு அது எத்தகைய காலமென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே, 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டிருந்தது.

இலங்கை முழுமைக்குமாக நோய் கட்டுக்குள் வந்துவிட்டதென்று 1995இல் கணக்கிடப்பட்ட பின்னும், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். மட்டக்களப்பு இன்றும் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும் மருந்தட்டையை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் அவர்கள் சிகிச்சையை முடித்துவிடலாம், தோணியேற்ற வேண்டியதில்லை.

தீவிலே பழகிய தொழிலுக்கோ வேலை ஒழிந்தபாடில்லை. நீரிழிவு மிகுந்துவிட்ட இந்நாளில், உணர்ச்சியற்ற பாதத்தோடும் சிறுநீரகப் பழுதோடும் மூப்போடும் ஒருங்கே வந்து படுப்போர் ஆஸ்பத்திரி விடுதிகளில் பெருகிவிட்டனர். குஷ்டரோகியின் பாதத்துக்கென்று வழக்கத்துக்கு வந்த பிளாஸ்டர் கட்டு இப்போது நீரிழிவுப் பாதத்துக்கும் போடப்படுகிறது. இரு வியாதியிலும் இழந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லையாகையால், பாதத்தை நாடோறும் திருப்பிப் பார்க்கவும், எண்ணெய் பூசவும், மெத்தென்ற செருப்பின்றி நடவாதிருக்கவும் நோயாளி வீடு செல்லுமுன் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்பிக்க ஒரு தாதிக்கு, வேறு அழைப்பு வராவிட்டால், ஒருவரிடம் அரை மணி நேரம் செல்லும்.