ஷெங்நூ: சீன நகரங்களில் மணமாகாத படித்த பெண்கள்

ஷெங்நூ என்பது சீன நகரங்களில் படித்து, வேலைக்குப் போய், இருபதுகளின் இறுதியைத் தொட்டும் திருமணம் ஆகாத பெண்களைச் சுட்டும் சொல். ‘மிஞ்சிப்போன பெண்’ என்று பொருள். 2007-இல் சீனக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட புதுச்சொல் பட்டியலில் இது இடம்பிடித்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் கீழ் இயங்கும் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு, 27 வயதைக் கடந்தும் மணமாகாதவர்களை இப்பெயரால் குறித்தது. பெண்களின் உரிமைக்காக 1949-இல் தொடங்கப்பட்ட அமைப்பே இந்த வசைச்சொல்லுக்கு மரியாதை தேடித் தந்தது வேதனையானது. பெண் மேற்படிப்பை முடித்து வருவதற்குள் வயதேறி அவள் மதிப்பு குறைந்துவிடுகிறது என்று வாதிட்ட கட்டுரை ஒன்று 2011-இல் அதன் இணையதளத்தில் வெளியானது. கண்டனங்களுக்குப் பிறகு நீக்கப்பட்டது.

மக்கள்தொகைக் கணக்கு இந்தப் பெயருக்கு நேர் எதிராக இருக்கிறது. 1980 வாக்கில் நடைமுறைக்கு வந்து 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையின்போது, ஆண் வாரிசை விரும்பிய குடும்பங்கள் பெண் கருவைக் கலைத்தன. 2004-இல் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 121 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2020 கணக்கெடுப்பின்படி சீனாவில் பெண்களைவிட ஆண்கள் ஏறத்தாழ 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகம். துணை கிடைக்காமல் நிற்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழை ஆண்கள்.

பிறகு ஏன் நகரத்துப் பெண்ணின் தலையில் இந்தச் சுமை? மாப்பிள்ளை வயதிலும் படிப்பிலும் சம்பளத்திலும் பெண்ணைவிட ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்ற வழக்கம் இன்னும் விடவில்லை. பெண் படிக்கப் படிக்க அவளுக்கு ‘மேலே’ இருக்கும் ஆண்கள் குறைகிறார்கள். அவர்களும் தங்களைவிடக் குறைவாகப் படித்தவளையே தேடுகிறார்கள். முனைவர் பட்டம் பெற்ற பெண்களை ‘மூன்றாம் பாலினம்’ என்று கேலி செய்யும் வழக்கு சீனாவில் உண்டு.

அந்தப் படிப்பைக் கொடுத்ததும் ஒரு குழந்தைக் கொள்கைதான். நகரங்களில் ஒற்றை மகளாகப் பிறந்தவள், தம்பிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிராமல் பெற்றோரின் சேமிப்பு முழுவதையும் கல்வியாகப் பெற்றாள். 2020 வாக்கில் சீனப் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். ஆனால் பெற்றோரின் முதுமைக்கும் பேரக்குழந்தை ஆசைக்கும் அந்த ஒருத்திதான் கதி என்பதால், பட்டம் வாங்கும்வரை “படி, படி” என்றவர்களே வேலை கிடைத்த மறுநாளிலிருந்து வரன் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் மகளிடம் அத்தையும் மாமாவும் கேட்கும் முதல் கேள்வி கல்யாணம் பற்றியதே. இதற்கு அஞ்சி, வாடகைக்குக் காதலனை அமர்த்தி வீட்டுக்கு அழைத்துப்போகும் பெண்களும் உண்டு.

இந்த நெருக்கடியைக் கண்ணால் காணும் இடம் ஷாங்காய் மக்கள் பூங்கா. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து வார இறுதிகளில் அங்கே வரன் சந்தை கூடுகிறது. விரித்து வைத்த குடைகளின்மேல் தாள்கள் கிளிப் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், ஷாங்காய் குடியிருப்புப் பதிவு உண்டா, சொந்த வீடு உண்டா என்ற விவரங்களே அவற்றில் முதன்மை. புகைப்படம் பெரும்பாலும் இராது. குடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தாய் தந்தையர். தன் தாள் அங்கே தொங்குவது தெரியாத மகள்களும் மகன்களும் உண்டு. 2016-இல் ஓர் அழகுசாதன நிறுவனம், மணமாகாத பெண்களின் படங்களையும் அவர்களின் சொந்த வார்த்தைகளையும் இதே பூங்காவில் வைத்துப் படமெடுத்தது. விற்பனைக்கான விளம்பரம்தான் என்றாலும், பெற்றோரிடம் நேரில் சொல்லமுடியாததை அந்தப் பெண்கள் சொல்ல அது இடம் கொடுத்தது.

அவசரக் கல்யாணத்தின் விலையைச் சமூகவியலாளர் லெட்டா ஹாங் ஃபிஞ்சர் 2014-இல் வெளியான தம் நூலில் காட்டினார். வயது போய்விடும் என்ற பயத்தில் பெண்கள் வீட்டுக்குப் பணம் போட்டும் பத்திரத்தைக் கணவன் பெயரில் விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் தம் பிள்ளைக்கு வாங்கிப் பிள்ளை பெயரிலேயே பதிந்த வீடு, மணவிலக்கின்போது அந்தப் பிள்ளைக்கே உரியது என்று 2011-இல் உச்ச மக்கள் நீதிமன்றம் விளக்கம் தந்தது. பையனுக்கு வீடு வாங்கித் தருவது பெற்றோர் வழக்கமாக இருக்கும் நாட்டில், இதனால் இழப்பு பெரும்பாலும் மனைவிக்கே நேர்ந்தது.

தனியாகவே இருந்துவிட முடிவு செய்தவளுக்கும் சட்டம் வழிவிடுவதில்லை. 2003-இன் விதிகள் மணமாகாத பெண்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்பு உதவியை மறுக்கின்றன. கருமுட்டையை உறைய வைத்துப் பாதுகாக்க மருத்துவமனை மறுத்ததை எதிர்த்துப் பெய்ஜிங் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சிச்சுவான் மாகாணம் 2023 பிப்ரவரி முதல் மணமாகாதவர்களும் பிள்ளைப்பேற்றைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்திருப்பது சிறு தளர்வு.

இத்தனை அழுத்தமும் பலிக்கவில்லை. பெண்களின் சராசரி முதல்மண வயது 2010-இல் 24 ஆக இருந்தது. 2020-இல் ஏறத்தாழ 28. மகளிர் கூட்டமைப்பின் 27 வயதுக் கோட்டைச் சராசரிப் பெண்ணே தாண்டிவிட்டாள். 2013-இல் சுமார் 1 கோடியே 34 லட்சமாக இருந்த திருமணப் பதிவுகள் 2024-இல் சுமார் 61 லட்சமாகக் குறைந்தன.