கொள்ளையில் போன உயிர்: சட்டம் கோடு கிழித்த வரலாறு

நான்கு பேர் ஒரு கடையில் கொள்ளையிடச் செல்கின்றனர். ஒருவன் காரிலேயே இருக்கிறான். ஒருவன் வாசலில் காவல் நிற்கிறான். உள்ளே நுழைந்த இருவரில் ஒருவன் கடைக்காரரைக் கத்தியால் குத்த, அவர் இறந்துபோகிறார். கொலையாளி யார்? குத்தியவன் மட்டுமா, நால்வருமேயா? இந்தக் கேள்விக்குச் சட்டம் எல்லாக் காலத்திலும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. தூக்குமேடை ஏறியவர் ஒருவரா நால்வரா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தே இருந்து வந்திருக்கிறது.

பழைய ஆங்கிலச் சட்டத்தின் பதில் எளிமையானது, கொடுமையானதும்கூட. பெருங்குற்றம் ஒன்றைச் செய்யும்போது வன்செயலால் ஓர் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேளாமலேயே அதைக் கொலை என்றது. பினாங்கிற்கு 1807இலும், சிங்கப்பூர், மலாக்காவுக்கு 1826இலும் அரச சாசனங்களின் வழி வந்து சேர்ந்தது இந்த ஆங்கிலச் சட்டமே.

இதை ஏற்க மறுத்தவர் மெக்காலே பிரபு. கல்வித் திட்டத்திற்காகத் தமிழர்களிடம் அதிகம் ஏச்சு வாங்கிய அதே மெக்காலேதான். இந்தியச் சட்ட ஆணையத்தின் தலைவராக 1837இல் அவர் அளித்த தண்டனைச் சட்ட வரைவின் குறிப்புகளில் ஓர் உதாரணம் வருகிறது. பெரிய நகரங்களில் நூற்றுக்கணக்கான ஜேப்படித் திருடர்கள் இருக்கிறார்கள். யாருடைய உயிருக்கும் தங்களால் ஆபத்து என்று அவர்களில் ஒருவனும் நினைத்ததில்லை. அவர்களில் ஒருவன் ஒரு கனவானின் சட்டைப்பைக்குள் கை விடுகிறான். உள்ளே பணப்பையோடு குண்டு நிரப்பிய துப்பாக்கியும் இருக்கிறது. விரல் பட்டு அது வெடித்து, கனவான் மாண்டுபோகிறார். மற்றத் திருடர்களுக்குச் சிறை, இவனுக்கு மட்டும் தூக்கா? இவன் அவர்களைவிட எந்த விதத்தில் கெட்டவன்? துரதிர்ஷ்டம் பிடித்தவன், அவ்வளவுதானே! திருட்டுக்குத் திருட்டுத் தண்டனையே போதும், அது போதாதென்றால் எல்லாத் திருடர்களுக்கும் தண்டனையைக் கூட்டுங்கள் என்பது மெக்காலேயின் வாதம்.

1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்தச் சிந்தனை பெரும்பாலும் நிலைத்தது. அதை ஒட்டி எழுதப்பட்ட சட்டமே 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடப்புக்கு வந்தது; பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. 300, 302ஆவது பிரிவுகள் இன்றும் அதே எண்களில் இருப்பது அதனால்தான்.

இச்சட்டத்தின்படி கொலை வேறு, கொள்ளை வேறு. கொல்லும் எண்ணமோ, சாவை விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் எண்ணமோ அதுபோன்ற வேறொன்றோ மெய்ப்பிக்கப்பட்டால்தான் கொலை. திருட்டு எப்போது கொள்ளை ஆகிறது என்பதை 390ஆவது பிரிவு சொல்கிறது: திருடும் நோக்கத்திற்காகவே சாவையோ காயத்தையோ விளைவித்திருக்க வேண்டும். பழம்பகை காரணமாக ஒருவனைக் கொன்றவன், போகிற போக்கில் பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினால் அது கொள்ளை ஆகாது. இறந்தவரின் உடைமையை அபகரித்தது என்று 404ஆவது பிரிவில் தனியாக வரும். அதற்கு அன்று மூன்றாண்டுச் சிறையே உச்சத் தண்டனை.

முக்கிய விதிவிலக்கு ஒன்று இருந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையிடும்போது அவர்களில் ஒருவன் கொலை செய்தால், 396ஆவது பிரிவின்படி அனைவருக்குமே மரண தண்டனை விதிக்கலாம். வட இந்தியக் கொள்ளைக் கூட்டங்களைப் பற்றிய அச்சம் அதில் தெரிகிறது. கொலையோடு கூடிய கொள்ளைக்காக வழக்கமாகக் கூடுபவன் 'தக்கன்' என்று 310ஆவது பிரிவே இருந்தது. 2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில்தான் இந்தியா அதைக் கைவிட்டது.

ஐந்து பேருக்குக் குறைந்தால்? அங்கேதான் 34ஆவது பிரிவாகிய பொது எண்ணம் வருகிறது. 1923 ஆகஸ்ட் 3ஆம் தேதி கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் அதிகாரி பணம் எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் வந்து பணத்தைக் கேட்டுச் சுட்டனர், அவர் இறந்தார். ஒரு காசுகூட எடுக்காமல் ஓடியவர்களில் ஒருவன் பிடிபட்டான். வெளியே முற்றத்தில் பயந்து நின்றேன், சுடவே இல்லை என்றான். லண்டன் பிரிவி கவுன்சில் அவனது மேல்முறையீட்டைத் தள்ளியது. வெளியே நின்றாலும் பொது எண்ணத்தில் பங்கு இருந்தால் அவனும் கொலையாளியே என்பது அத்தீர்ப்பு.

மெக்காலேயின் வாதம் அவருடைய சொந்த நாட்டில் எடுபட 120 ஆண்டுகள் ஆயின. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய விதியை ஒழித்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள்! எந்தக் கொலைகளுக்குத் தூக்கு என்று அதே சட்டம் போட்ட பட்டியலில் திருட்டின்போது செய்த கொலையும் இருந்தது. திட்டமிட்டு மனைவிக்கு நஞ்சிட்டவனுக்குச் சிறை. திருடப் போய்க் கொன்றவனுக்குத் தூக்கு. 1964 ஆகஸ்ட் 13ஆம் தேதி பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட இருவரும் இந்தப் பிரிவில் சிக்கியவர்களே.

சிங்கப்பூரில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது 2006இல். கைத்தொலைபேசிகளை ஏற்றிச் சென்ற லாரியை மூவர் கொள்ளையிட்டனர். ஒருவர் பேஸ்பால் மட்டையால் ஓட்டுநரின் தலையில் தாக்கினார். ஓட்டுநர் சில நாள்களில் இறந்தார். 2008இல் உயர் நீதிமன்றம் மூவருக்குமே மரண தண்டனை விதித்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கொள்ளையிடும் பொது எண்ணம் மட்டும் போதாது, மரணத்தை விளைவிக்கக்கூடிய அந்தக் காயத்தையே ஏற்படுத்தும் பொது எண்ணம் வேண்டும் என்றது. மட்டையால் அடித்தவரின் தண்டனை அன்று உறுதியானது. மற்ற இருவர் மீதான கொலைக் குற்றம், காயம் விளைவித்த கொள்ளை என்று குறைக்கப்பட்டது. உயிர் தப்பியது அந்த ஒரு விளக்கத்தால்தான்.

சிங்கப்பூரில் 2013 முதல், கொல்லும் எண்ணமின்றி நடந்த கொலைகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையையே நீக்கியது.

ஆயினும் பழைய எண்ணிக்கை வேறுபாடு போகவில்லை. கூட்டுக் கொள்ளைக்குச் சிங்கப்பூரில் ஐந்து பேர் வேண்டும். மலேசியச் சட்டத்திற்கு இருவரே போதும். அந்தக் கடைக்குச் சென்ற நால்வரும் ஜொகூர் பாருவில் பிடிபட்டால், காரில் இருந்தவன் மீதும் 396ஆவது பிரிவு பாயும். பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் என்றால் அவர்கள் ஒரு கும்பலே அல்ல. காரில் இருந்தவனைக் கொலையாளி என்று சொல்ல, அவன் மனத்தில் என்ன இருந்தது என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பித்தாக வேண்டும்.