வைஃபை வேறு, இணையம் வேறு

நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் ஒரு வீடு. தேர்வுக் கட்டணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். செல்போனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் ஏன் வரல?" என்ற கேள்வி பல வீடுகளில் கேட்பதுதான். இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. ரவுட்டர் பார்ப்பதற்கு ஒரே பெட்டி. ஆனால் தனித்தனியாகப் பிறந்து வளர்ந்த இரண்டு விஷயங்கள் அதற்குள் சேர்ந்திருக்கின்றன.

கம்பியில் வந்தது

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்க நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது டெலிபோன் கம்பியில் மோடம் மாட்டி டயல் செய்ய வேண்டும். நெட் ஓடினால் போன் பேச முடியாது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை வந்ததும் இது மாறியது. அதே செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகும், தகவல் அதற்கு மேலே போகும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதுதான் ஸ்பிளிட்டர் என்ற குட்டிப் பெட்டி. கம்பி ஒன்றே என்பதால் போனில் கரகரப்பு கேட்டால் நெட்டும் விட்டு விட்டு வரும்.

காற்றில் வந்தது

வைஃபையின் கதை வேறு. 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகம் தீவுகளுக்கு இடையே ரேடியோ அலையில் கணினிகளை இணைத்தது. 1985-ல் அமெரிக்கா 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 1997-ல் 802.11 என்ற தரநிலை வந்தது, 1999-ல் அதற்கு வைஃபை என்ற பெயர் கிடைத்தது. இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிம விலக்கு விதிகளை வெளியிட்டது 2005 ஜனவரியில். அகலப்பட்டை வந்த அதே மாதம்!

ஆக, போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

பழுது தேடும் கருவி

எங்கே பழுது என்று கண்டுபிடிக்கும் 'பிங்' நிரலை எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ். 1983 டிசம்பரில், ஒரு நெட்வொர்க் கோளாறைத் தேடும்போது ஒரே மாலையில் எழுதி முடித்தார். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியே பெயரானது. ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை.

பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போவதுதான் முறை. முதலில் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் செய்ய வேண்டும். பதில் இல்லையென்றால் பழுது வீட்டுக்குள்ளேயே. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி தரவில்லை என்று அர்த்தம். ரவுட்டர் பதில் சொன்னால் அடுத்தது 8.8.8.8. அங்கிருந்தும் பதில் வந்து, தளங்கள் மட்டும் பெயரால் திறக்கவில்லை என்றால் கோளாறு டி.என்.எஸ்.-ல். பெயரை எண்ணாக மாற்றும் அந்த ஏற்பாடும் 1983-ல் பிறந்ததுதான். 8.8.8.8-லிருந்தும் பதில் இல்லை, ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கும் சிவப்பாக எரிகிறது என்றால் இழையில் ஒளி வரவில்லை. பத்து முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அது சரியாகாது.

மல்லசமுத்திரம் போன்ற ஊரில் இதைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய உதவி. "நெட் வரல" என்று சொல்வதற்கும், "ரவுட்டர் பதில் சொல்லுது, லாஸ் விளக்கு சிவப்பா இருக்கு" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்டால் வருகிற லைன்மேன் ரவுட்டரை நோண்டாமல் நேரே இழையைப் பார்ப்பார். அதற்குள் கட்டணத்தைச் செல்போன் டேட்டாவில் கட்டிவிடலாம்.